இறந்தவரிடம் கேட்கத்தக்கவை: எல்லைப்புறத்து இளம் கலைஞருக்கு ஒரு கடிதம்



வாழ்ந்து மறைந்த ஒருவரை மேடையில் அமரவைத்து, இன்றைய ஒருவர் அவரிடம் கேள்வி கேட்க, அவர் தம் காலத்து அறிவோடும் தம் காலத்து அறியாமையோடும் விடை சொல்வதாக அமையும் உரையாடலைக் கற்பனை நேர்காணல் என்பர். வடிவம் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன் மறைந்தோரைப் பாதாள உலகில் பேசவைத்தார். 1970களில் இத்தாலிய வானொலி இதே முறையில் நடத்திய ஒரு தொடருக்காக இத்தாலோ கால்வினோ நியாண்டர்தால் மனிதனையே பேட்டி கண்டு எழுதினார். நியாண்டர்தால் மனிதனுக்கு உரிமை கொண்டாட இன்று ஆளில்லை என்பதால் கால்வினோவின் வேலை எளிதாக இருந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து குமுளி வரை நீளும் தமிழ், மலையாள எல்லையிலோ மறைந்தவர் ஒவ்வொருவருக்கும் மலைக்கு இருபுறமும் வாரிசுகள் இருக்கிறார்கள். அவர் வாயில் வைக்க வேண்டிய சொற்களையும் இருபுறத்தாரும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இந்த நிலத்தில் யாரைத் தேர்வது, அவரிடம் எதைக் கேட்பது என்ற இரண்டும் ஒரே வினாதான் என்பதை முதலில் உணர்ந்துகொள்ளல் நன்று. ஏனெனில் கேட்கத்தக்க கேள்வி கைவசம் இல்லாத ஆளுமை, எவ்வளவு பெரியவராயினும், மேடையில் சிலையாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

இடுக்கி எல்லையில் இம்முயற்சியில் இறங்கும் எவருக்கும் முதலில் தோன்றும் பெயர் ஜான் பென்னிகுயிக். 1841இல் புனேயில் பிறந்து, சென்னை மாகாணத்தில் பொறியாளராகப் பணியாற்றி, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் முல்லைப் பெரியாற்று அணையை 1895இல் கட்டி முடித்து, 1911இல் மறைந்த அவர் தேனி மாவட்டத்தில் ஏறத்தாழக் குலதெய்வத்தின் இடத்தைப் பெற்றிருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடும் வழக்கம் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால் பொங்கற் பானையும் அவர் பெயரில் ஏறுகிறது. மலையேறிக் குமுளியைக் கடந்து பெரியாற்றின் கீழ்க்கரைக்குப் போனால் அதே அணை வேறு முகம் காட்டும்: நூற்றாண்டு கடந்த சுண்ணாம்புக் கட்டுமானத்துக்குக் கீழே குடியிருப்போரின் அச்சமும், திருவிதாங்கூரின் நிலமும் நீரும் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் என்ற குத்தகைக்கு 999 ஆண்டுகள் எழுதித் தரப்பட்டன என்ற ஆற்றாமையும் அங்கே பேச்சில் இருக்கின்றன. அந்தக் குத்தகைத் தொகை 1970இல்தான் ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. பென்னிகுயிக்கைத் தேர்வதில் தவறில்லை. ஆனால் தேனியில் கைதட்டு வாங்கும் கேள்விகளை மட்டும் கேட்பவர் அவரைப் பேட்டி காண்பதில்லை, அவருக்கு மாலை போடுகிறார்.

அவரைச் சுற்றி வழங்கும் இரண்டு கதைகளை இளம் கலைஞர் தனியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அரசு பணம் தர மறுத்தபோது பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்தை விற்று வந்து அணையை முடித்தார் என்பது முதற்கதை. இன்னொன்று, குத்தகை ஆவணத்தில் தம் நெஞ்சக் குருதியால் கையெழுத்திடுவதாகத் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் மனம் வெதும்பினார் என்பது. முதலாவது தமிழகப் பக்கத்தின் கண்ணீர், இரண்டாவது கேரளப் பக்கத்தின் கண்ணீர். இரண்டாவதைச் சரிபார்க்க நாட்காட்டி ஒன்றே போதும்: விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டில் மறைந்தார், குத்தகை கையெழுத்தானது 1886 அக்டோபர் 29 அன்று, அப்போது அரியணையில் இருந்தவர் மூலம் திருநாள். முதலாவதைப் பொறுத்தவரை, அணை சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் திட்டம் என்பதையும், அத்திட்டத்தின் வரலாற்றை ஏ. டி. மெக்கென்சி எழுதி 1899இல் சென்னையில் நூலாகவே வெளியிட்டார் என்பதையும் நினைவில் நிறுத்தி, அந்நூலை அருகில் வைத்துக்கொண்டு எழுதுவதே முறை. கதைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மக்கள் ஏன் அப்படி ஒரு கதையை விரும்பினார்கள் என்பதே வரலாற்றின் ஒரு பகுதிதான். ஆனால் அக்கதை கேட்பவரின் வாயிலிருந்து வரவேண்டும், பென்னிகுயிக்கின் வாயிலிருந்து வரலாகாது. 'ஐயா சொத்தை விற்றதாக எங்கள் ஊரில் சொல்கிறார்கள்' என்று கேட்பவர் சொல்ல, நாற்காலியில் இருப்பவர் வியப்போடு அவரைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில், நூறாண்டுக் காலத்தில் ஒரு பொறியாளர் எவ்வாறு தெய்வமானார் என்பது ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடும்.

அப்படியானால் அவரிடம் எதைக் கேட்பது? அன்றாடம் அவர் கையில் புழங்கியவற்றைக் கேட்கலாம். அணையின் உடல் கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்தது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த தூள். சுண்ணாம்போடு சேரும்போது நீருக்கு அடியிலும் இறுகும் தன்மையது. அந்தக் கலவையின் பக்குவத்தை அவர் எதைக் கொண்டு அறிந்தார், நாளொன்றுக்கு எவ்வளவு அரைபட்டது, அரைத்தவர் யார் என்பவை நல்ல கேள்விகள். ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்தும் காப்பணைகளில் வேலை செய்யக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தனர். சென்னைப் படையின் பயனியர் பிரிவினர் வந்தனர். கூலிக்கு மலையேறியவர்கள் வந்தனர். ஒரே பாசறையில் இத்தனை மொழிகள் புழங்கியபோது காலையில் வேலையைப் பிரித்துக் கொடுத்தது எந்த மொழியில் என்று கேட்டால், விடை தேடிப் போகும் வழியிலேயே ஒரு காட்சி முழுதாகக் கிடைத்துவிடும். மெக்கென்சியின் நூலில், சாராயம் என்ற நாட்டு மதுவின் மருத்துவக் குணம் இல்லாவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்ற பொருளில் ஒரு குறிப்பு உண்டு. காய்ச்சலும் வாந்திபேதியும் நூற்றுக்கணக்கானோரை விழுங்கிய அந்தக் காட்டில், குளிரில் இடுப்பளவு நீரில் நின்றவருக்கு ஊற்றிய சாராயத்தின் அளவு எவ்வளவு, அதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்று கேட்பது பென்னிகுயிக்கைச் சிறுமைப்படுத்துவதாகாது. அதற்கு அவர் சொல்லும் விடையில்தான் மணிமண்டபச் சிலைக்கு உயிர் வரும்.

அதே வேளையில், நீர்மட்டம் 142 அடி வரை நிற்கலாமா என்று அவரிடம் கேட்கக் கூடாது. அது 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னர் எழுந்த கேள்வி. மறைந்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இன்றைய வழக்கில் நம் பக்கம் பேசவைப்பது இந்த வடிவத்துக்கே நேரும் நோய். கேள்வி எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அது வந்துவிடும். அதைக் காட்டிலும் பின்னோக்கிக் கேட்பது பயன் தரும். இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் அது வீண் கனவு என்று எழுதிவைத்தார். 1850இல் தொடங்கிய மண் அணை வேலை நோய்க்கும் கூலித் தகராறுக்கும் இடையில் கைவிடப்பட்டது. தமக்கு முன்னே மூன்று முறை கைவிடப்பட்ட ஒன்றை 1882இல் கையிலெடுத்தவரிடம், அந்தப் பழைய காகிதங்களில் எதை நம்பினார், எதைப் புறந்தள்ளினார் என்று கேட்கலாம். ஒரு பொறியாளரின் உள்ளத்தைத் திறக்க இதைவிட நல்ல சாவி கிடைப்பது அரிது.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவைப்பது பொருந்தும். நேர்காணலுக்கு எழுதப்படும் கேள்விகளில் சிலவற்றுக்கு ஆவணங்களில் விடை இருக்கும்; சிலவற்றுக்கு ஆவணம் விடை சொல்லாவிட்டாலும், அக்காலத்து வாழ்வைக் கற்றவரால் நியாயமாக ஊகிக்க முடியும்; மற்றும் சிலவற்றுக்கு விடையே கிடையாது. மூன்றாம் வகைக் கேள்வியை நீக்கிவிடுவது இளம் கலைஞர் பலரின் பழக்கம். அதைவிடக் கொடியது, அதற்கு அழகான ஒரு பொய்யை எழுதித் தருவது. அக்கேள்வியை மேடையில் கேட்கவிட்டு, விடையாளரைப் பேசாமல் இருக்கச் செய்வதே சரியான வழி. அந்த மௌனத்தை நடிப்பது கடினம், ஆனால் அவையோர் அதைக் கேட்பார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் திரும்பினால், தேர்வுக்குரிய ஆளுமைகள் வேறு வகையினர். கோட்டாயி அருகே உள்ள செம்பையைச் சேர்ந்த பாடகர் வைத்தியநாத பாகவதரை எடுத்தால், குரல் போய்க் குருவாயூரப்பன் அருளால் திரும்பிய அற்புதத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். குரல் இல்லாத அந்த நாட்களில் அவர் வீட்டில் என்ன ஒலித்தது என்பதைக் கேட்டுப் பார்த்தால் நேர்காணல் வேறு திசையில் செல்லும். கல்பாத்தி விசுவநாதர் கோயிலோடு தொடர்புடைய இலட்சுமி அம்மாளைப் பற்றி வழங்கும் மரபு, காசியிலிருந்து அவர் ஒரு பாண லிங்கத்தைக் கொண்டுவந்தார் என்கிறது. கோயில் 1425ஆம் ஆண்டு வாக்கில் இட்டிக்கோம்பி அச்சன் என்ற பாலக்காட்டு அரசர் காலத்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு கைம்பெண் காசிக்குப் போய் வந்த வழியைக் கேட்க எவருக்கும் ஆசை எழும். விடைகள் ஏறத்தாழ அனைத்தும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. மேடைக்கு முதன்முறை எழுதுபவர் இலட்சுமி அம்மாளைத் தேர்வது ஏற்றதன்று.

அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவிய டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் அவ்வாறல்லர். பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் குடியில் பிறந்து, வழக்கறிஞராகி, அத்தொழிலை விட்டுக் காங்கிரசில் சேர்ந்து, 1923இல் பாலக்காட்டில் நடந்த மாநாட்டை ஒட்டிய சமபந்தியில், அதாவது எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் விருந்தில் பங்கேற்றதற்காகச் சொந்தச் சாதியாரால் விலக்கிவைக்கப்பட்டவர். ஒடுக்கப்பட்ட குழந்தைகளும் பிற சாதிக் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ்ப் படித்து உண்டு உறங்கும் இடமாக ஆசிரமத்தை நடத்தியவர். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகப் பாலக்காட்டிலிருந்து பையனூருக்கு ஓர் அணியை நடத்திச் சென்றவர். காந்தி அந்த ஆசிரமத்துக்கு மூன்று முறை வந்தார். இவ்வளவும் எழுத்தில் கிடைக்கும். ஆகையால் இவரிடம் காந்தியைப் பற்றிக் கேட்பது நேரத்தை வீணாக்குவது. ஆசிரமத்தின் முதல் நாளில் அடுப்பை மூட்டியவர் யார், அரிசி எந்தக் கடையில் வாங்கப்பட்டது, விலக்கிவைக்கப்பட்ட ஒருவருக்குக் கடன் கொடுத்தவர் யார், வீட்டில் திவசம் வந்தால் புரோகிதர் வந்தாரா என்று கேட்க வேண்டும். சாதி விலக்கு என்ற சொல் அவையோருக்குப் பாடநூலிலிருந்து இறங்கி அடுக்களைக்கு வருவது அப்போதுதான். இன்னும் ஒரு படி மேலே சென்று, அவர் மனைவி ஈஸ்வரி அம்மாளையே நாற்காலியில் அமர்த்தலாம். சமபந்தியில் உட்கார்ந்தது கணவரின் முடிவு. அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்.

இவர்கள் எந்தத் தமிழில் பேசுவார்கள் என்பதை எழுதும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அக்ரஹாரத்துப் பாலக்காட்டுத் தமிழில் 'கேட்டேளா', 'மனசிலாச்சா' என்ற சொற்கள் அடுத்தடுத்து வரும். மலையாள வினையும் தமிழ் விகுதியும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும். அத்தமிழைச் சிரிப்பூட்டுவதற்காகத் திரைப்படங்கள் பயன்படுத்திப் பயன்படுத்தி, இன்று அதில் ஒருவர் துயரத்தைச் சொன்னாலும் அவை சிரிக்கத் தயாராகிவிடுகிறது. இளம் கலைஞர் அதைத் தூய தமிழாக்கித் தப்பித்துக்கொள்ளலாகாது. முதற்காட்சியில் சிரிப்பு வரட்டும், ஐந்தாம் கேள்விக்குள் அது அடங்கும்படி எழுதலே திறமை. பென்னிகுயிக்குக்கோ எழுத்துத் தமிழும் பொருந்தாது, கொச்சைத் தமிழும் பொருந்தாது. அவருக்கு ஒரு துபாஷி, அதாவது இருமொழி அறிந்த இடையாள், மேடையில் தேவை; துபாஷி எதை மாற்றிச் சொல்கிறார் என்பதிலேயே பாதி நாடகம் இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்ட செய்தியைத் தொட விரும்புவோர் உடனே தமிழ்ப் பகுதிகளின் இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியையோ அன்றைய சென்னை மாநில முதல்வர் காமராஜரையோ தேடிப் போவர். மாநில மறுசீரமைப்பு ஆணையம் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைச் சென்னையோடு சேர்க்கச் சொன்னபோது, இவ்விரு மலை வட்டங்களையும் மட்டும் அவ்வாறு பரிந்துரைக்கவில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்கள் என்ற வாதமும் அங்கே எடைபோடப்பட்டது. இவ்விரு பெயர்களில் வரும் குளமும் மேடும் பற்றிக் காமராஜர் சொன்னதாக வழங்கும் வாக்கியம் இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே அதை மேடையில் விட்டுவிடலாம். அதற்கு ஈடாக, 1958இல் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தல் இன்னும் வளமான களம். காஞ்சிரப்பள்ளியைச் சேர்ந்த மலையாளியான ரோசம்மா புன்னூஸ், 1957இல் அங்கே வென்று, அத்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானபின் மீண்டும் நின்றார். அவருக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறி வந்து தமிழில் பாடினார், பின்னாளில் இளையராஜா என்று அறியப்பட்ட அவருடைய தம்பி சிறுவனாக உடன் வந்தார். தோட்டத் தொழிலாளர் வேலை முடித்து லயங்களுக்கு, அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்குத் திரும்பிய பிறகுதான் கூட்டம் சேரும். வேட்பாளருக்கு மலையாளம், வாக்காளருக்குத் தமிழ், இடையில் ஆர்மோனியம். பாவலரிடம் அரசியலைக் கேட்க வேண்டாம். எந்த எஸ்டேட்டில் பாட்டு நின்றது, எந்த மெட்டுக்கு லயத்துக் கதவுகள் திறந்தன, காவலாள் வந்தபோது எந்தப் பாட்டுக்கு மாறினார் என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அறுபது, எழுபது ஆண்டுக்குள் வாழ்ந்தவரைத் தேர்ந்தால், கேள்விகளை எழுதும் முன் அவர் குடும்பத்தாரைச் சென்று காண்பது கடமை.

கடைசியாக, பெயரில்லாதவரைத் தேர்வது பற்றி. மூணாறில் 1894இல் வாந்திபேதியில் இறந்த எலனர் இசபெல் மே என்ற ஆங்கிலப் பெண்ணுக்குக் குன்றின்மேல் கல்லறை இருக்கிறது. கன்னன் தேவன் மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்க மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்களில் அதே நோயில் இறந்தோரின் பெயர் பொறித்த கல் அங்கே அவர்களுக்கு இல்லை. அவர்களில் ஒருவரைக் கற்பனையாகப் படைத்துப் பேட்டி காணலாம் என்று இளம் கலைஞருக்குத் தோன்றுவது இயல்பு; ஆனால் அது நேர்காணலாகாது, சிறுகதையாகிவிடும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் தொழிலாளரின் துயரை 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலாகவே எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த அந்நூல் நாவலாக இருப்பதில் பெருமையே ஒழியக் குறையில்லை. நேர்காணலுக்கு வேண்டியவர், பெயர் தெரியாவிட்டாலும் பணி இன்னதென்று திட்டமாகத் தெரிந்த ஒருவர். அவ்வகையில் கங்காணியைவிடச் சிறந்த தேர்வு இந்த மலையில் இல்லை. கங்காணி என்பவர் ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, போடிநாயக்கனூர் வழியாக மலையேற்றிவந்து, தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கி, தம் ஆட்கள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கழிவு பெற்றவர். பிடித்துவரப்பட்டவரின் உறவினராகவும் அவர் இருக்கக்கூடும், கடன் கொடுத்தவராகவும் இருக்கக்கூடும். அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, அவர் மடியில் இருக்கும் கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு, அதில் கம்பளிக்கு எவ்வளவு, வழியில் சாப்பாட்டுக்கு எவ்வளவு, பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள் எண்ணும் வரிசையில், காய்ச்சலோடு நின்றவளுக்கு அரைநாள் கூலிக்கான அரைப்பெயர் போட்டாரா முழுநாளுக்கான முழுப்பெயர் போட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், ஊரிலிருந்து கூட்டிவந்தவர்களில் மலையேறும் வழியிலேயே இறந்துபோனவரின் முன்பணம் பிறகு யார் பெயரில் எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டு, கேட்பவர் பேனாவைக் கீழே வைத்துக் காத்திருக்கலாம்.